மஸ்டர்ட் மாதிரி பீட் வேண்டுமா? முதலில் லேயரைக் குறையுங்கள்

"லேப்டாப்பில் பீட் செய்கிறேன். டிஜே மஸ்டர்ட் பாட்டு மாதிரி கிளப்பில் அதிர வேண்டும் என்று முப்பது லேயர் போட்டும், பெரிய ஸ்பீக்கரில் எல்லாம் குழம்பிப் போகிறது. எந்த ப்ளக்இன் (கூடுதல் சவுண்ட் மென்பொருள்) வாங்கலாம்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

எதுவும் வாங்காதீர்கள். சிக்கலே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய அந்த முப்பது லேயர்தான்.

ஹிப்ஹாப் பாட்டுகளுக்கு பீட் செய்யும் லாஸ் ஏஞ்சலஸ்காரரான மஸ்டர்ட், டிஜேயாக இருந்த மாமா குடும்ப விசேஷம் ஒன்றில் வாய்ப்புக் கொடுக்க, 11 வயதிலேயே பாட்டுப் போட ஆரம்பித்தவர். பீட் செய்ய வந்தது அப்புறம்தான். எந்தச் சத்தத்துக்குக் கூட்டம் அசைகிறது என்பதை ஆடுகிறவர்களைப் பார்த்தே பழகிய காது அது, அவருடைய பீட்டில் தேவையில்லாதது எதுவும் நிற்காததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். 2011-இல் ராப் பாடகர் டைகாவுக்குச் செய்த ‘ராக் சிட்டி’ அவரை வெளியே கொண்டுவந்தது, 2014-இல் ராப் பாடகர் ஒய்ஜியின் ஆல்பமும் பாடகி டினாஷேயின் ‘2 ஆன்’ பாட்டும் வந்தன. 2024-இல் ராப் பாடகர் கென்ட்ரிக் லமாரின் ‘நாட் லைக் அஸ்’, அடுத்த வருஷமே அதற்கு ஐந்து கிராமி.

‘ராக் சிட்டி’யை ஹெட்ஃபோனில் கேளுங்கள். சில நோட்டுகளே உள்ள ஒரு குட்டி மெலடி, அடியில் 808 பேஸ் (பழைய டிரம் மெஷினிலிருந்து வந்த, நீண்டு அதிரும் அடிச் சத்தம்), கைதட்டல், இடையில் "ஹே" என்று ஒரு கத்தல், அவ்வளவுதான், மிச்ச இடமெல்லாம் குரலுக்கு.

சரி, உங்கள் பீட்டுக்கு வருவோம். வேகத்தை 100 பிபிஎம் (நிமிஷத்துக்கு 100 அடி) பக்கம் வையுங்கள், நான்கு அடி கொண்ட ஒரு பார் 2.4 விநாடி வரும். கிளாப் இரண்டாம், நான்காம் அடியில். பேஸைப் பாட்டின் சுருதிக்கு ட்யூன் செய்தே ஆக வேண்டும், நிறையப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள். கிக்கும் (பெரிய டிரம்மின் அடி) 808-ம் ஒரே சமயத்தில் 50 ஹெர்ட்ஸ் பக்கம் முட்டிக்கொண்டால் இரண்டும் தெளிவாகக் கேட்காது, அதனால் கிக்கின் நீளத்தைக் குறையுங்கள், அல்லது 808-ஐயே கிக்காக விடுங்கள். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் மோனோவில் (இரண்டு பக்க ஸ்பீக்கரிலும் ஒரே சத்தமாக) இருக்கட்டும், மெலடியில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை ஈக்யூவில் (சத்தத்தின் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் கருவி) வெட்டிவிடுங்கள். லேப்டாப் ஸ்பீக்கரில் பேஸ் கேட்கவில்லையே என்று வால்யூமை ஏற்றாதீர்கள், அந்த ஸ்பீக்கரால் 50 ஹெர்ட்ஸ் தர முடியாது. கொஞ்சம் சாச்சுரேஷன் (சத்தத்தை லேசாகச் சிதைக்கும் எஃபெக்ட்) கொடுத்தால் 100, 150, 200 ஹெர்ட்ஸ் என்று மேலே அதன் ஹார்மோனிக்ஸ் (மடங்குகளில் வரும் சத்தங்கள்) எழும், காது மீதியைப் பிடித்துக்கொள்ளும். "ஹே"வுக்கு சாம்பிள் தேடாமல் நண்பர்களை நிற்கவைத்துப் பதிவு செய்யுங்கள், மிக்ஸில் தணிவாக, அடிகளுக்கு நடுவில் வையுங்கள்.

அப்புறம் ஒவ்வொரு ட்ராக்காக மியூட் செய்து பாருங்கள். எடுத்த பிறகும் தலை ஆடிக்கொண்டே இருந்தால் அந்த ட்ராக்கை அழித்துவிடுங்கள், எத்தனை நேரம் உழைத்துச் செய்ததாக இருந்தாலும். ஐந்தாறு மிஞ்சியதும் தெரிந்த யாருடைய காரிலாவது போட்டுக் கேளுங்கள், பேஸ் சரியாக இருக்கிறதா என்று அங்கே தெரிந்துவிடும்.