ஐந்தரைக் கட்டையும் ஆமென் முடிவும்

திருகோணமலை டச்சுபே கடற்கரையில் பின்னேரங்களில் ஸ்பீக்கர் இல்லாமல் வாசிக்கும் நால்வர் குழுவைப் பற்றிச் சென்ற இதழில் நான்கு வரி எழுதியிருந்தேன். இம்முறை வந்த கடிதங்களில் பாதி அவர்களைப் பற்றித்தான். நேரில் போய்க் கேட்டுவிட்டு வந்தேன். பெயர் போட வேண்டாம் என்றார்கள் (ஒருவருடைய வீட்டில் இன்னும் தெரியாதாம்), ஆகவே வாத்தியத்தை வைத்தே சொல்கிறேன்.

உப்புவெளி வாசகி: நாலு பேரும் எங்கே இசை படித்தவர்கள்? ஒரே வகுப்புக் கூட்டாளிகளா?

இல்லை அக்கா, நாலு பேரும் நாலு வாசல்.

கிற்றார் வாசிப்பவர் தேவாலயப் பாடகர் குழுவில் வளர்ந்தவர். பாட்டுப் புத்தகத்தில் வரிக்கு மேலே பென்சிலால் எழுதிய கோட் (chord, பல சுரங்களை ஒன்றாக மீட்டுவது) எழுத்துகளைப் பார்த்தே பழகியவர், நொட்டேசன் இன்றைக்கும் வாசிக்கத் தெரியாது. சினிமாப் பாட்டோ, பைலா என்கிற நம் ஊர் ஆட்டப்பாட்டோ எதுவானாலும் கடைசியில் எஃப் கோட்டில் நின்று மெதுவாக சி-க்கு இறங்கித்தான் முடிப்பார். பூசையில் 'ஆமென்' என்று இழுத்துப் பாடுவார்களே, அதே முடிவு. மற்ற மூவரும் சொல்லிப் பார்த்துவிட்டார்கள், அவர் கை கேட்பதாக இல்லை.

வயலின் தங்கை வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சையில் ஐந்தாம் தரம் வரை போனவர். ஆறாம் தரமும் முடித்திருந்தால் கலாவித்தகர் பட்டம், ஆனால் கலியாணம் குறுக்கே வந்துவிட்டது. மணலில் பாய் விரித்து, சப்பணமிட்டு, வயலினின் தலையைக் காலில் ஊன்றித்தான் வாசிப்பார். படம் எடுக்க வருகிறவர்கள் எழுந்து நிற்கச் சொன்னால் முறைப்பார்.

மெண்டலின் மாமா பாலையூற்றில் ஒரு பறங்கிக் குடும்பம் (ஐரோப்பிய வழி வந்தவர்கள்). அவர் யாரிடமும் படிக்கவில்லை. சொந்தக்காரர் கலியாணங்களில் கஃப்ரிஞ்ஞா என்கிற பறங்கியர் நடனம் ஆடும்போது பெரியவர்களுக்குப் பக்கத்தில் இருந்து பார்த்துப் பிடித்துக்கொண்டது. பெட்டி அடிக்கிற தம்பி கிண்ணியா. நோன்பு காலத்தில் சஹர் என்கிற விடிகாலைச் சாப்பாட்டுக்கு எழுப்ப, றபான் பறை அடித்துப் பைத் என்கிற பக்திப் பாட்டுப் பாடி வருகிற பாவாமாருக்கு (பக்கீர்மாருக்கு)ப் பின்னாலேயே தூக்கம் கலையாமல் நடந்து திரிந்த பிள்ளை, அவ்வளவுதான் அவன் சங்கீதப் படிப்பு. நாலு பேரில் தாளம் பிசகாதவன் அவன் ஒருவன்தான் என்பது என் கருத்து. மற்றவர்கள் கோபிக்கட்டும்.

திருக்கடலூர் வாசகர்: கர்நாடக வயலினும் கிற்றாரும் எப்படி ஐயா ஒத்துப் போகும்? எண்ணெயும் தண்ணீரும் அல்லவா?

முதல் மூன்று மாதம் ஒத்துப் போகவே இல்லையாம். தங்கை பாடவும் செய்வார், அவருக்குச் சுருதி ஐந்தரைக் கட்டை (கட்டை என்பது கர்நாடகத்தில் சுருதியின் உயரத்தைச் சொல்லும் கணக்கு). கிற்றார்க்காரருக்குக் கட்டைக் கணக்கே தெரியாது. கடைசியில் கேப்போவை (எல்லாக் கம்பியையும் ஒன்றாக அழுத்திச் சுருதியை உயர்த்தும் கவ்வியை) முதல் கட்டத்தில் மாட்டிக்கொண்டு ஜி கோட் பிடித்தால் அதுதான் ஐந்தரைக் கட்டை என்று கண்டுபிடித்தார்கள். சுருதிச் சண்டை தீர்ந்தது.

மெண்டலினோடு வேறு சண்டை. மெண்டலினும் மேலைத்தேய வயலினும் ஜி-டி-ஏ-ஈ என்று ஒரே மாதிரித்தான் சுருதி கூட்டப்படும், ஆகவே மாமா தன் விரல் வைப்பைத் தங்கைக்குக் காட்டிக்கொடுக்கலாம் என்று சந்தோசமாக வந்திருக்கிறார். தங்கையுடைய தந்திகளோ ச-ப-ச-ப. காட்டிக்கொடுத்தது எதுவும் பொருந்தவில்லை.

ராகத்தில் மோகனம் சுலபம், ஐந்து சுரம், கோட் தானாக வந்து உட்காரும். சங்கராபரணம் மேலைத்தேயத்தில் மேஜர் ஸ்கேல்தான், அதுவும் சரி. தோடியைத் தொட்டால் கதை கெட்டது. அதன் காந்தாரம் (க) ஓரிடத்தில் நிற்காமல் அசைந்துகொண்டே இருக்கும், கிற்றாரின் கோட்டோ அசையாமல் நிற்கும், கேட்கிறவனுக்குப் பல் கூசும்.

நான் போன அன்று கோணமலைத் தேவாரத்தை எடுத்தார்கள். சம்பந்தர் பதிகம், பண் புறநீர்மை, இப்போது பூபாளத்தில் பாடுவது. பூபாளத்தில் மத்திமமும் (ம) இல்லை, நிஷாதமும் (நி) இல்லை, எந்தக் கோட் போட்டாலும் ஏதாவது ஒன்று இடிக்கிறது. கிற்றார்க்காரர் கொஞ்ச நேரம் தடவிப் பார்த்துவிட்டு, ச-வையும் ப-வையும் மட்டும் பிடித்துத் தம்புரா மாதிரி மீட்டத் தொடங்கினார். அந்தப் பக்கம் கோணேசர் கோயில் நிற்கிற சுவாமி மலை இருட்டிக்கொண்டு வந்தது. அன்று கேட்டதில் எனக்கு மனதில் நின்றது அதுதான், அவர் அன்று மிகக் குறைவாக வாசித்ததும் அதில்தான்.

அப்புறம் ஒரு பைலா. தங்கை அதைத் தொடையில் தட்டித் 'தகிட தகிட, திஸ்ரம்' (மூன்று மூன்றாக எண்ணும் நடை) என்கிறார், மாமா 'இது கஃப்ரிஞ்ஞா அடி, பிள்ளை' என்கிறார், தம்பி யார் சொன்னதையும் காதில் வாங்காமல் அடித்துக்கொண்டிருந்தான்.

மூதூர் வாசகர்: தம்பி குந்தி இருந்து அடிக்கிறது தேயிலைப் பெட்டியா?

இல்லை, ஆனால் நெருங்கிவிட்டீர்கள். அதற்குக் கஹோன் என்று பெயர். பெரு நாட்டுக்கு அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட ஆபிரிக்கர் சரக்குப் பெட்டிகளைத் தட்டிப் பிறந்த வாத்தியம் என்பார்கள். 1970களில் ஸ்பானியக் கிற்றார் மேதை பாகோ தெ லூசியா அதை ஃபிளமென்கோவுக்குள் கொண்டுவந்தார். தம்பியுடையது ஊர்த் தச்சர் பிளைவுட்டில் செய்தது. நடுவில் அடித்தால் கும், மேல் விளிம்பில் அடித்தால் சளார்.

நிலாவெளி வாசகி: மகள் ஓ.எல். வகுப்புக்குப் போகிறாள். கர்நாடக சங்கீதமா, மேலைத்தேய சங்கீதமா, எது எடுத்தால் இப்படி ஒரு குழுவில் சேரலாம்?

பாடசாலையில் கர்நாடகம், மேலைத்தேயம், கீழைத்தேயம் என்று தனித்தனிப் பாடம், ஒன்றைத்தான் எடுக்கலாம். நல்ல ஆசிரியர் எதற்கு இருக்கிறாரோ அதை எடுக்கட்டும். மற்றது பக்கத்தில் இருந்து வாசிக்கிறவரிடம் தொற்றும். மகளுக்கு எது விருப்பம் என்று கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை.

சீனக்குடா வாசகர்: கிற்றார் கம்பி மாதத்துக்கு ஒரு தரம் துருப்பிடிக்கிறது. கடைக்காரர் ஏமாற்றுகிறாரா?

கடைக்காரர் பாவம். உப்புக்காற்று, போதாததற்கு உங்கள் வியர்வை. வாசித்து முடிந்ததும் காய்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடியோடு சேர்த்துத் துடைத்து, உறையில் போட்டு மூடுங்கள். சுவரில் மாட்டி வைக்காதீர்கள்.

தம்பலகாமம் வாசகர்: கோயிலில் தாலி கட்டு. இவர்களைக் கூப்பிட்டால் வருவார்களா?

கேட்டேன், வருவார்களாம். ஜெனரேட்டர் பக்கத்தில் இருத்தக் கூடாது, தங்கைக்குப் பாய் வேண்டும். தாலி கட்டி முடிய ஆமென் என்று கேட்டால் ஐயரிடம் நீங்களே சமாளித்துக்கொள்ளுங்கள்.