கிளட்ச் மாற்றப் போகிறீர்களா? கியர்பாக்ஸை ஒருமுறை இறக்கினால் போதும்

கேள்வி: என்னிடம் 1998 மாடல் மாருதி ஜிப்ஸி இருக்கிறது. வால்பாறை ஏற்றத்தில் மூன்றாவது கியரில் மிதித்தால் இன்ஜின் கத்துகிறது, வண்டி ஏற மாட்டேன் என்கிறது, கருகல் வாடையும் வருகிறது. நண்பர்கள் சேர்ந்து தோட்டத்து ஷெட்டில் நாங்களே கிளட்ச் மாற்றலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். முடியுமா சார், பட்டறைக்கே கொடுத்துவிடலாமா?
– வாசகர், பொள்ளாச்சி

தாராளமாக முடியும். ஆனால் ஸ்பேனரை எடுக்கும் முன் கேபிளைப் பாருங்கள். ஜிப்ஸி கிளட்ச் கேபிளில் இயங்குவது, பெடலைக் கையால் அழுத்தினால் முதல் 20–30 மி.மீ. லூசாக இறங்க வேண்டும். அந்த லூஸே இல்லையென்றால், கிளட்ச்சைப் பிரிக்கும் ரிலீஸ் பேரிங் எந்நேரமும் பிரஷர் பிளேட்டை (கிளட்ச் பிளேட்டை இன்ஜினின் ஃப்ளைவீல் சக்கரத்தோடு அழுத்திப் பிடிப்பது) அழுத்திக்கொண்டே இருக்கும், கிளட்ச் பிளேட் நன்றாக இருந்தாலும் ஸ்லிப் ஆகும், அதாவது வழுக்கும். கேபிளைச் சரிசெய்த பிறகும் அதே கதை என்றால், சமதளத்தில் ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்து, நாலாவது கியரில் போட்டு மெதுவாகக் கிளட்ச்சை விடுங்கள். இன்ஜின் உடனே ஆஃப் ஆக வேண்டும். ஆகாமல் ஓடிக்கொண்டே இருந்தால் சந்தேகமே வேண்டாம், பிளேட் போய்விட்டது. இந்தச் சோதனையை ஒருமுறை செய்தால் போதும், திரும்பத் திரும்பச் செய்தால் மிச்சமிருப்பதும் கருகிவிடும்.

ஜிப்ஸியில் ஒரு பெரிய வசதி, கியர்பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் (இழுவையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) தனித்தனி, நடுவில் ஒரு குட்டி ஷாஃப்ட் மட்டும்தான். டிரான்ஸ்ஃபர் கேஸையும் அதிலிருக்கும் ஸ்பீடோமீட்டர் கேபிளையும் தொடாமலே கியர்பாக்ஸை இறக்கிவிடலாம், பல ஜீப்புகளில் இரண்டும் ஒரே பாறாங்கல்லாக இறங்கும். முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள், ஸ்டார்ட்டர் வயரில் எப்போதும் கரண்ட் இருக்கும். குட்டி ஷாஃப்ட்டையும் முன் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டையும் பிரிக்கும்போது ஃப்ளாஞ்சில் (ஷாஃப்ட்டை போல்ட் போட்டு இணைக்கும் தட்டில்) பெயின்ட்டால் கோடு போட்டுக்கொள்ளுங்கள், அதே இடத்தில் திரும்பப் பொருத்தாவிட்டால் வண்டி அதிரும். ஷாஃப்ட் கழன்றதும் டாப் கியரில் போட்டுவிட்டு அப்புறம் கியர் லீவரைக் கழற்றுங்கள். இது எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

பாதுகாப்பில் மட்டும் சமரசம் வேண்டாம். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது, ஸ்டாண்ட் இல்லையென்றால் அன்றைக்கு வேலையே வேண்டாம். கியர்பாக்ஸ் மவுன்ட்டைக் கழற்றியதும் இன்ஜின் பின்பக்கம் சாயும், ரேடியேட்டர் ஹோஸும் வயர்களும் இழுபடும். அதனால் சம்ப்புக்கு (இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டிக்கு) அடியில் மரப்பலகை வைத்து இன்னொரு ஜாக்கியால் தாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் கருப்புத் தூளைக் காற்றடித்து ஊதாதீர்கள், பழைய பிளேட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியைத் தூக்கிப்போட்டுவிடுங்கள்.

பிளேட்டைக் கையில் எடுத்ததும் பெரும்பாலானவர்கள் "அடேங்கப்பா, எப்படித் தேய்ந்திருக்கு பார்" என்று போட்டோ எடுத்துவிட்டுப் புதியதை மாட்டப் போய்விடுகிறார்கள். அங்கேதான் நிதானம் வேண்டும். ஏன் தேய்ந்தது என்பதற்குச் சாட்சி எல்லாமே அந்த நேரத்தில் உங்கள் கண்முன்னால் இருக்கிறது. பிளேட்டில் ஆணித் தலைக்கும் மேற்பரப்புக்கும் அரை மில்லிமீட்டர்கூட இல்லையென்றால் அது ஆயுள் முடிந்த தேய்மானம். பளபளவென்று எண்ணெய்ப் பூச்சு தெரிந்தால் கிராங்க் பின்பக்க ஆயில் சீலோ, கியர்பாக்ஸ் முன்பக்கச் சீலோ ஒழுகுகிறது, அதை மாற்றாமல் மூடினால் புது பிளேட்டும் அதே எண்ணெயில்தான் குளிக்கும். ஃப்ளைவீலில் நீலப் புள்ளிகளோ முடி போன்ற விரிசல்களோ இருந்தால் லேத்தில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். விரிசல் ஆழமென்றால் ஃப்ளைவீலையே மாற்றுங்கள். பைலட் பேரிங்கை (கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட்டின் நுனியைத் தாங்குவது) விரலால் சுற்றிப் பாருங்கள், கரகரத்தால் மாற்றிவிடுங்கள். ரிலீஸ் ஷாஃப்ட் புஷ் தேய்ந்திருந்தால் பெடல் கனக்கும், அதையும் இப்போதே. பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் செட்டாகத்தான் வாங்க வேண்டும். பேரிங் நன்றாகத்தானே இருக்கிறது என்று பழையதைப் போட்டு, அது ஊளையிட ஆரம்பித்தால் மறுபடி மொத்தமும் இறக்க வேண்டும்.

பொருத்தும்போதுதான் நண்பர்கள் அத்தனை பேரும் தேவை. பிளேட்டில் ஸ்பிரிங் துருத்திக்கொண்டிருக்கும் பக்கம் கியர்பாக்ஸைப் பார்க்க வேண்டும். சென்டரிங் டூல் போட்டு பிளேட்டை நடுவில் நிறுத்தி, பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஸ்ப்லைனில் (பிளேட் மாட்டும் ஷாஃப்ட்டின் பல் வரிசையில்) கிரீஸ் மெல்லிய பூச்சாக இருந்தால் போதும், அள்ளி அப்பினால் அது தெறித்து பிளேட்டில்தான் உட்காரும். பிறகு கியர்பாக்ஸைத் தூக்கும்போது இரண்டு பேர் எடையைத் தாங்கட்டும், இன்னொருவர் பின்னால் இருந்து ஃப்ளாஞ்சை லேசாகத் திருப்பட்டும். டாப் கியரில் இருப்பதால் இன்புட் ஷாஃப்ட்டும் கூடவே சுற்றும், ஸ்ப்லைன் பல்லோடு பல் சேர்ந்ததும் "டக்"கென்று ஒரு விரலளவு உள்ளே போவது கையிலேயே தெரியும். ஒருவர் மட்டும் குரல் கொடுங்கள், மற்றவர்கள் அதைக் கேட்டு அசையுங்கள். கை வலிக்கிறது என்று கியர்பாக்ஸைப் பாதியில் பிளேட்டின் மேல் தொங்கவிட்டால் பிளேட் வளைந்துவிடும். இடைவெளி இருக்கும்போதே போல்ட்டைப் போட்டு இழுப்பதும் கூடாது, பெல் ஹவுசிங்கின் (கிளட்ச்சை மூடும் கியர்பாக்ஸ் முன்பக்கக் கூட்டின்) போல்ட் காது உடையும். பெல் ஹவுசிங் கையாலேயே இன்ஜினோடு ஒட்டி உட்கார்ந்த பிறகுதான் ஸ்பேனர்.

கேள்வி: நண்பர்களோடு சேர்ந்து பழைய ஜிப்ஸியில் புது கிளட்ச் செட் போட்டோம். இப்போது ஸ்டார்ட் செய்தால் முதல் கியரும் ரிவர்ஸும் விழ மறுக்கின்றன. ஆஃப் செய்தால் வெண்ணெய் மாதிரி விழுகிறது. எங்கே தப்பு?
– வாசகர், தேனி

ஆஃப் செய்தால் விழுகிறது என்பதால் கியர்பாக்ஸில் கோளாறு இல்லை, கிளட்ச் முழுதாகப் பிரியவில்லை. கேபிளில் லூஸ் அதிகமா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும். அட்ஜஸ்ட்மென்ட் முழுக்கத் திருகியும் சரியாகவில்லையென்றால் கேபிள் நீண்டுபோயிருக்கலாம். அதுவும் இல்லையென்றால் பிளேட்டைத் திருப்பிப் போட்டிருக்க வேண்டும், அல்லது மாட்டும்போது எடை தாங்கி அது வளைந்திருக்க வேண்டும், அல்லது பைலட் பேரிங் இறுகியிருக்க வேண்டும். இந்த மூன்றுக்கும் கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும். அதுவரை அடித்துப் பிடித்துக் கியர் போட்டு ஓட்டாதீர்கள், பற்கள் போய்விடும்.

கேள்வி: கிளட்ச்சை மிதித்தால் "கிர்ர்" சத்தம், விட்டால் இல்லை. என்ன அது?
– வாசகர், ஏற்காடு

ரிலீஸ் பேரிங்காக இருக்கவே வாய்ப்பு அதிகம். நியூட்ரலில் பெடலை விட்டிருக்கும்போது சத்தம் வந்து மிதித்ததும் நின்றால் அது கியர்பாக்ஸ் இன்புட் பேரிங்.

கேள்வி: கொல்லிமலையில் எஸ்டேட் வேலைக்கு ஜிப்ஸி வைத்திருக்கிறோம். கிளட்ச் போட்டால் நீண்ட நாள் உழைக்கவே மாட்டேன் என்கிறது. டயர் மட்டும் கொஞ்சம் பெரிதாகப் போட்டிருக்கிறோம்.
– வாசகர், நாமக்கல்

அந்த டயரும் ஒரு காரணம்தான். டயர் பெரிதானால் எல்லாக் கியரும் உயர்ந்துவிடுகிறது, ஏற்றத்தில் வண்டியைக் கிளப்ப ஒவ்வொரு முறையும் கிளட்ச் கூடுதலாக வழுக்க வேண்டும். ஆனால் எஸ்டேட் வண்டிகளில் நான் பார்க்கும் பெரிய குறை, வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் லோ ரேஞ்ச் லீவரை யாரும் தொடுவதில்லை. ஜிப்ஸி கிங் மாடலின் டிரான்ஸ்ஃபர் கேஸில் கியர் விகிதம் ஹை 1.409, லோ 2.268, அதாவது லோவில் ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கும் மேல் இழுவை கூடுகிறது. சுமையோடு மண் பாதையில் ஏறும்போது வண்டியை நிறுத்தி 4எல் (நான்கு சக்கர இழுவை, லோ ரேஞ்ச்) போட்டால் ஆக்ஸிலரேட்டர் தொடாமலே ஊர்ந்து ஏறும், ஹாஃப் கிளட்ச்சுக்கு வேலையே இல்லை. ஒரே எச்சரிக்கை, இதை மண், சரளை, சேற்றில் மட்டும் போடுங்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் தார் ரோடுதானே, அங்கே நான்கு சக்கரமும் பூட்டிய நிலையில் திருப்பினால் முன், பின் சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரென்ஷியல் நடுவில் இல்லாததால் ஷாஃப்ட்டும் கியரும் முறுக்கிக்கொள்ளும்.

அப்புறம், வளைவில் பஸ்ஸுக்கு வழிவிட்டு நிற்கும்போது கிளட்ச்சிலேயே வண்டியைத் தாங்கிப் பிடிக்கிறாரா என்று டிரைவரைக் கவனியுங்கள். அப்படியென்றால் ஹேண்ட் பிரேக்கில் நிறுத்தச் சொல்லுங்கள், அந்த ஹேண்ட் பிரேக் ஏற்றத்தில் பிடிக்கிறதா என்பதையும் இன்றைக்கே பார்த்துவிடுங்கள், அது பிடிக்காததால்தான் பாதி டிரைவர்கள் கிளட்ச்சில் நிற்கிறார்கள்.