நெஞ்சை அழுத்தும்போது கண் திறந்தாரே, அப்பா!

கேள்வி: மெல்பர்னில் வசிக்கிறோம். அப்பா வீட்டில் மயங்கி விழுந்தார். ஆம்புலன்ஸ்காரர்கள் சிபிஆர் (நெஞ்சை அழுத்தும் முதலுதவி) செய்யும்போது கண்ணைத் திறந்து, அவர்கள் கையைத் தள்ளினார். நிறுத்தியதும் துவண்டுவிட்டார். மறுபடி அழுத்தினார்கள், மறுபடி கை அசைந்தது. கடைசியில் காப்பாற்ற முடியவில்லை. உயிரோடு இருந்தவரை அழுத்தியே கொன்றுவிட்டார்களோ என்று அம்மா அழுகிறார். அவருக்கு வலித்திருக்குமா?

பதில்: கொல்லவில்லை. முதலில் இதை அம்மாவிடம் சொல்லுங்கள். அழுத்தியதால்தான் அப்பா கண்ணையே திறந்தார்.

அவர் இதயம் நின்றிருந்தது. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ. ஆழத்துக்குக் குறையாமல் அழுத்தினால் வழக்கமான ரத்த ஓட்டத்தில் கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு கிடைக்கும். பெரும்பாலோருக்கு நினைவு திரும்ப அது போதாது. இதயம் நின்ற கையோடு அழுத்தத் தொடங்கிய சிலருக்குப் போதும். கையை எடுத்தால் மூளைக்கு ரத்தம் போகாது, நினைவும் போய்விடும். நீங்கள் பார்த்தது அதுதான்.

உங்கள் விக்டோரியா மாநில ஆம்புலன்ஸ் பதிவுகளை வைத்து 2017-இல் ஓர் ஆய்வு வந்தது. இதயம் நின்ற 16,558 பேரில் 112 பேருக்கு இப்படி நடந்திருக்கிறது. 2008-இல் 0.3 சதவீதம், 2014-இல் 0.9. சிலர் பேசியும் இருக்கிறார்கள்.

ஆம்புலன்ஸ்காரர்களுக்கு இது பெரிய சோதனை. கையைப் பிடித்துத் தள்ளுகிறவர் நெஞ்சை யாருக்குத்தான் அழுத்த மனம் வரும்? நிறுத்தி நாடி பார்ப்பார்கள். இருக்காது. திரும்பத் தொடங்க வேண்டும். அப்படி நிறுத்தும் ஒவ்வொரு நொடியும் நோயாளிக்கு நஷ்டம். அதனால் ஒருவர் அழுத்த, இன்னொருவர் கையைப் பிடித்துக்கொண்டு பேச்சுக் கொடுப்பதும் உண்டு.

வலியே இருந்திருக்காது என்று நான் சொல்ல மாட்டேன். பிழைத்தவர்களில் சிலருக்கு அந்த நேரத்து நினைவு இருக்கிறது, பலருக்கு ஒன்றுமே இல்லை. இப்படி நினைவு திரும்புகிறவர்களுக்கு வலி தெரியாமலிருக்க, வலி நிவாரணியோ மயக்க மருந்தோ மிகச் சிறு அளவில் கொடுக்கலாம் என்று 2021-இன் சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது.

சரி, கண் திறந்தவர் ஏன் பிழைக்கவில்லை? அழுத்துவது மூளையைக் கொஞ்ச நேரம் தாங்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். இதயம் தானாகத் துடிக்க, அது நின்றதற்கான காரணம் சரியாக வேண்டும். இதய ரத்தக் குழாயில் பெரிய அடைப்பு என்றால் மின் ஷாக் கொடுத்தும் சில சமயம் மசியாது.

என்ன மருந்து, எப்போது கொடுத்தார்கள் என்பது ஆம்புலன்ஸ் குறிப்பில் இருக்கும். எழுதிக் கேளுங்கள். வந்ததும் உங்கள் குடும்ப மருத்துவரிடம் அம்மாவையும் கூட்டிப்போய், வரிவரியாக விளக்கச் சொல்லுங்கள்.