ரேக்கில் தூங்கும் சரக்கு: வேலூர்ப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

லீன் உற்பத்தி, அதாவது வீணாவதைக் குறைத்துத் தேவையானதைத் தேவையான நேரத்தில் மட்டும் செய்கிற முறை, வேஸ்ட் குறைப்பு பற்றி வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டங்களிலிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன. பழைய வட ஆற்காட்டுக்காரர்களுக்கு மூன்றும் ஒரே ஊர்தான், அதனால் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

ஆம்பூரில் ஷூ அப்பர் (ஷூவின் மேல்பகுதி) ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறேன். காலையிலிருந்து ராத்திரிவரை யாரும் சும்மா உட்காருவதில்லை, கட்டிங் எப்போதும் இரண்டு ஆர்டர் முன்னாலேயே ஓடுகிறது. ஆனாலும் ஷிப்மென்ட் தாமதமாகிறது. எங்கே கோளாறு?

கட்டிங் முன்னால் ஓடுகிறது என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்களே, கோளாறு அங்கேதான்.

ஒரு வேலை செய்யுங்கள். வெட்டி முடித்து, இன்னும் பேக்கிங் போகாமல் ரேக்கிலும் தரையிலும் தையல் மேஜைக்கு அடியிலும் கிடக்கிற ஜோடிகளை எண்ணிப் பாருங்கள். 3,000 ஜோடி கிடக்கிறது, நாளொன்றுக்கு 300 ஜோடி வெளியே போகிறது என்று வைத்துக்கொண்டால், இன்றைக்கு வெட்டுகிற ஜோடி கதவைத் தாண்டப் 10 நாள் ஆகும். இது என் அபிப்பிராயம் இல்லை, அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961-இல் கணித முறையில் நிரூபித்த விதி: உள்ளே கிடப்பதை ஒரு நாள் வெளியேற்றத்தால் வகுத்தால் காத்திருக்கும் காலம். அந்த 10 நாளில் ஸ்கைவிங் (தோல் ஓரத்தைச் சீவி மெலிதாக்குவது), மடிப்பு, ஒட்டு, தையல் என்று ஒரு ஜோடியின் மேல் உண்மையிலேயே கை படுகிற நேரத்தை ஸ்டாப்வாட்ச் வைத்துக் கூட்டுங்கள், ஒரு ஷிஃப்டுக்குள் அடங்கிவிடும். மிச்ச நேரம் முழுக்க அது எங்கேயோ வரிசையில் நிற்கிறது.

டொயோட்டாவில் இந்த முறையை உருவாக்கிய தாயிச்சி ஓனோ வேஸ்ட்டை ஏழாகப் பிரித்தார்: தேவைக்கு மேல் உற்பத்தி, காத்திருப்பு, தேவையில்லாத இடமாற்றம், தேவையில்லாத வேலை, இருப்பு, வீண் நடமாட்டம், பழுது. இதில் மோசமானது தேவைக்கு மேல் உற்பத்திதான் என்றார், ஏனென்றால் மற்ற ஆறையும் அது பெற்று வளர்க்கிறது. உங்கள் யூனிட்டிலேயே பாருங்கள்: முன்கூட்டி வெட்டியதை வைக்க ரேக், ரேக்கில் தேட ஒரு ஆள், தேடும்போது கலந்துபோன சைஸ், அவசர ஆர்டர் வந்தால் எல்லாவற்றையும் நகர்த்தி வழி விடுவது, அதற்குள் பையர் கலரை மாற்றினால் வெட்டிய தோல் அப்படியே நஷ்டம். தப்பும் இப்படித்தான் ஒளிந்துகொள்கிறது. வெட்டும் அச்சான டை தேய்ந்து ஓரம் பிசிறடிப்பது தையலுக்குப் போன பிறகுதான் தெரியும். அதற்குள் பத்து நாள் சரக்கு அதே பிசிறோடு வெட்டியாகிவிட்டிருக்கும்.

பரிகாரம் எளிது, மனசுக்குத்தான் கஷ்டம். கட்டிங்குக்கும் தையலுக்கும் நடுவில் ஒரே ஒரு ரேக், அதில் எண்ணி வைத்த ட்ரே இடங்கள், எல்லா இடமும் நிரம்பினால் கட்டிங் நிற்க வேண்டும், தையல் ஒரு ட்ரேயை எடுத்தால் மட்டுமே அடுத்தது. கான்பான் என்று பெரிய பெயர் சொல்கிறார்களே, அதன் சாரம் இவ்வளவுதான். கட்டின் அளவையும் சிறிதாக்குங்கள், 24 ஜோடிக் கட்டு என்றால் 12, அப்புறம் 6. கட்டு சிறிதானால் பீஸ் ரேட் கணக்கெழுதுவது கொஞ்சம் கூடும். அதற்காக ஒரே தோலில் வெட்டிய இடது வலதைப் பிரித்துவிடாதீர்கள், நிறம் ஒட்டாது.

கட்டிங் ஆள் அரை மணி நேரம் கை கட்டி நிற்பதைப் பார்த்தால் உங்களுக்குப் பொறுக்காது, எந்த முதலாளிக்கும் பொறுக்காது. அவரை இன்னும் வெட்டச் சொல்லாமல் எங்கே அடைப்போ அங்கே அனுப்புங்கள், பெரும்பாலும் ஒரே ஒரு தையல் வேலையில்தான் மொத்த லைனும் மாட்டிக்கொண்டிருக்கும்.

ராணிப்பேட்டை சிப்காட்டில் சிறிய பிரஸ் ஷாப். ஒரு டை மாற்ற ஒன்றரை மணி நேரம் ஆகிறது, அதனால் போட்டால் ஒரு வாரத்துக்கான பீஸ் அடித்துவிடுகிறோம். புது பிரஸ் வாங்குவது நல்லதா?

வாங்காதீர்கள், இப்போதைக்கு.

1969-இல் டொயோட்டாவில் 1,000 டன் பிரஸ் ஒன்றில் டை மாற்ற நான்கு மணி நேரம் ஆகிக்கொண்டிருந்தது. ஷிகியோ ஷிங்கோ என்ற ஜப்பானியப் பொறியாளர் அதை முதலில் ஒன்றரை மணிக்கும் பிறகு மூன்று நிமிடத்துக்கும் கொண்டுவந்தார். உங்களுக்கு மூன்று நிமிடம் தேவையில்லை, இருபது வந்தாலே போதும். அவர் பிடித்த நூல் ஒன்றுதான்: மெஷின் நின்றால் மட்டுமே செய்யக்கூடிய வேலை எது, ஓடும்போதே செய்து முடிக்கக்கூடிய வேலை எது.

அடுத்த டை மாற்றத்தைச் செல்போனில் முழுசாகப் படம் பிடித்து, ஆபரேட்டரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பாருங்கள். ஸ்பேனர் தேடுவது, டையை ரேக்கிலிருந்து இறக்குவது, கிரேனுக்குக் காத்திருப்பது, ஸ்டோருக்குப் போய் போல்ட் வாங்குவது எல்லாம் பிரஸ் நின்ற பிறகு நடக்கும். அவ்வளவையும் முந்தின ஜாப் ஓடும்போதே முடித்து, டையைத் தள்ளுவண்டியில் பிரஸ் பக்கத்தில் நிறுத்திவிடலாம். பிறகு எல்லா டைக்கும் அடியில் தகடு கொடுத்து ஷட் ஹைட்டை (மூடிய நிலையில் டையின் உயரத்தை) ஒன்றாக்குங்கள், கிளாம்ப் தடிப்பையும் ஒன்றாக்கினால் போல்ட் நீளம் மாறாது. ஸ்லைடை ஏற்றி இறக்கி, சோதனை பீஸ் அடித்து, மறுபடி ஏற்றுகிற சடங்கு அதோடு போய்விடும்.

மிச்சமாகும் நேரத்தில் அதே டையில் இன்னும் அதிக பீஸ் அடித்துவிடாதீர்கள், எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். அதிகத் தடவை டை மாற்றுங்கள். வாரத்துக்கான பீஸ் போய் இரண்டு நாளுக்கான பீஸ் என்றாகும்போது ஸ்டோர் காலியாகும், அதில் முடங்கிக் கிடந்த தகட்டுப் பணமும் வெளியே வரும்.

காட்பாடி பக்கம் ஒர்க்‌ஷாப். வேலையிடத்தை ஒழுங்காக வைக்கும் 5எஸ் முறைக்குப் போர்டு மாட்டி, மஞ்சள் கோடு போட்டு, ஆடிட்டும் முடிந்தது. மூன்று மாதத்தில் எல்லாம் பழையபடி.

ஆடிட்டருக்காகச் செய்தால் ஆடிட்டரோடு போய்விடும். போர்டைக் கழற்றிவிட்டு, தினமும் அதிகம் தேடப்படுகிற ஐந்து கருவிகளுக்கு மட்டும் இடம் குறியுங்கள், அந்த இடத்தை நீங்கள் முடிவு செய்யாமல் அவற்றைப் பயன்படுத்துகிறவரே முடிவு செய்யட்டும். மஞ்சள் கோடு பற்றி எனக்கு ஒன்றும் இல்லை, பார்க்க அழகாக இருக்கும்.

பேரணாம்பட்டில் டேனரி. எங்களைப் போன்ற ட்ரம் வேலைக்கு லீன் எல்லாம் பொருந்துமா?

பொருந்தும், ஆனால் வேறு இடத்தில். ட்ரம்மில் தோல் ஊறுகிற நேரத்தை அவசரப்படுத்த முடியாது, அது ரசாயனம். ட்ரம்முக்கு முன்னும் பின்னும் தோல் காத்துக் கிடக்கிற நேரத்தையும், உள்ளே போகிற தண்ணீர், உப்பு, குரோமையும் பாருங்கள்.

குழாயைத் திறந்துவிட்டு, ட்ரம் சுற்றச் சுற்றக் கழுவிக்கொண்டே இருக்கிற ரன்னிங் வாஷை நிறுத்தி, அளந்து விட்டு வடித்துக் கழுவும் பேட்ச் வாஷுக்கு மாறுங்கள். மீட்டர் இல்லாவிட்டால் முதலில் மீட்டர், மற்றது அப்புறம். ஊறவைக்கும் முன் தோலை உதறி, அது கெடாமலிருக்கத் தூவிய உப்பை எடுத்துவிட்டால் அந்த உப்பு தண்ணீரில் கரையாது. கரைந்த உப்பைப் பிரித்தெடுப்பது எவ்வளவு செலவு என்று பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பணம் கட்டுகிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். குரோம் டேனிங்கில், அதாவது குரோம் உப்பால் தோலைப் பதப்படுத்துவதில், சாதாரண முறையில் போடுகிற குரோமில் கணிசமான பங்கு தோலில் ஏறாமல் கழிவில் போகிறது. அதை மெக்னீசியம் ஆக்சைடு போட்டுப் படிய வைத்து, அமிலத்தில் கரைத்து மறுபடி பயன்படுத்தும் முறை நம் பக்கத்திலேயே நடைமுறையில் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய சரக்கைக் காசு கொடுத்தே வெளியேற்றுவதைவிடப் பெரிய வேஸ்ட் எது?

பாலாற்றங்கரைக்காரர்களுக்கு இது லாபக் கணக்கு மட்டும் இல்லை. 1996-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது இந்தத் தோல் தொழிலை வைத்துத்தான்.

பிரியாணிக் கடை. சில நாள் ராத்திரி அரை தேக்சா மிச்சம், சில நாள் எட்டு மணிக்கே காலி. உங்கள் லீன் இதற்கு உதவுமா?

கொஞ்சம் உதவும். ஒரு பெரிய தேக்சாவுக்குப் பதில் இரண்டு மூன்று சின்னது போடுங்கள். அடுத்ததை எப்போது ஏற்றுவது என்பதற்கு மாஸ்டரின் கை ஜோசியம் வேண்டாம், கணக்கு போதும். அடுப்பில் ஏற்றித் தம் இறங்க ஒரு மணி நேரம், அந்த மணியில் 40 பிளேட் போகும் என்றால், தேக்சாவில் 50 பிளேட் மிச்சம் இருக்கும்போது அடுத்ததை ஏற்ற வேண்டும், 10 பிளேட் கைக்காவலுக்கு. அந்த அளவுக்குத் தேக்சாவில் ஒரு அடையாளம் இருந்தால் கேட்க வேண்டியதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை 40 என்பது 90 ஆகும், அதற்குத் தனி அடையாளம். கடைசி தேக்சாவை மட்டும் எவ்வளவு சின்னதாக முடியுமோ அவ்வளவு சின்னதாக. சீரகச் சம்பாவை எப்போது ஊறப்போடுவது என்பதை மாஸ்டரிடமே விட்டுவிடுகிறேன்.

நான் சூப்பர்வைசர். லீன் என்றாலே ஆள் குறைப்பு என்று எங்கள் ஆட்கள் பயப்படுகிறார்கள். என்ன சொல்வது?

நீங்கள் சொல்லிப் பயன் இல்லை, முதலாளி சொல்ல வேண்டும், எழுத்தில். ஒரு வேலையை நான்கு பேருக்குப் பதில் மூன்று பேர் செய்யலாம் என்று தொழிலாளி வழி சொன்ன மறுநாள் நான்காவது ஆளை வீட்டுக்கு அனுப்பினால், அதற்கப்புறம் அந்த யூனிட்டில் ஒருவரும் வாயைத் திறக்கமாட்டார்கள். டொயோட்டாவிலேயே 1950-இல் ஆள் குறைப்பை ஒட்டிப் பெரிய வேலைநிறுத்தம் நடந்து, நிறுவனர் கீச்சிரோ டொயோடா பதவி விலக வேண்டியிருந்தது. மிச்சப்படுகிறவரை வேறு வேலைக்கு மாற்றுங்கள், கூடுமானால் அந்த லைனில் கெட்டிக்காரராக இருப்பவரையே மாற்றுங்கள், அப்போது அது தண்டனையாகத் தெரியாது.

லீனுக்கு மத்திய அரசு மானியம் இருக்கிறதாமே?

இருக்கிறது. சிறு, குறு, நடுத்தரத் தொழில் அமைச்சகத்தின் லீன் திட்டம், 2023 மார்ச்சில் புதுப்பித்து அறிவித்தார்கள், மூன்று படிநிலை. ஆலோசகருக்கு ஆகும் செலவில் 90 சதவீதம் அரசு ஏற்பதாக அறிவிப்பு. உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) கட்டாயம். விண்ணப்பிக்கும் முன் இப்போதைய விதிகளை அமைச்சகத்தின் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆலோசகர் வந்த முதல் நாளே ஏசி அறையில் ஸ்லைடு போட்டால், ஆளை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.