ரிட்டயர்மென்ட் கம்யூனிட்டின்னா என்ன, கோயமுத்தூர் பக்கம் ஏன் இத்தனை இருக்குது?

வயசானவங்க தனித்தனி வீட்டுல, ஆனா ஒரே காம்பவுண்டுக்குள்ள வாழற குடியிருப்புதாங்க இது. சாப்பாடு, வீடு கூட்டறது, வாட்ச்மேன், நர்ஸ் எல்லாம் பொதுவுல இருக்கும், மாசாமாசம் அதுக்கு பணம் கட்டணும். ஹாஸ்டல் மாதிரின்னு வெச்சுக்கங்க, மெஸ் பொது, ரூம் சாவி நம்ம கையில.

இங்க இத்தனை வந்ததுக்கு மொத காரணம் காத்துங்க. ஊரு கடல் மட்டத்துக்கு மேல சுமார் 400 மீட்டர் ஒசரம், மேக்கால பாலக்காட்டுக் கணவாய் வழியா ஆனி ஆடில ஜிலுஜிலுன்னு காத்து வரும், மெட்ராஸ் புழுக்கம் கெடையாது, அப்புறம் பெரிய ஆஸ்பத்திரிக, ஏர்போர்ட் ரெண்டும் இங்கயே இருக்கறதால வெளிநாட்டுல புள்ளைங்க இருக்கறவங்களுக்கு தோதா போச்சு.

ஆனா என்னைக் கேட்டா காத்தவிட நடந்து போற தூரந்தான் முக்கியம். முட்டி வலி வந்துட்டா வண்டி ஓட்ட முடியாது, அதனால கோயில், காய்கறிக்கடை, மருந்துக்கடை, பஸ் ஸ்டாப் எல்லாம் கிட்டத்துல இருக்குதா, ஒரம்பரை (சொந்தக்காரங்க) சுலபமா வந்து போக முடியுமான்னு பாருங்க. மலையடிவாரத்துல வியூ நல்லாருக்குதுன்னு ஒதுக்குப்புறமா வாங்கிட்டா, நடுராத்திரி நெஞ்சு வலின்னா ஆம்புலன்ஸ் வந்து சேர எவ்வளவு நேரமாகும்னு தயவுசெஞ்சு யோசிங்க.

நெறைய பேரு இத முதியோர் இல்லம்னு நெனைச்சு "புள்ளைங்க கைவிட்டுட்டாங்க"ன்னு பேசறாங்க, அது தப்புங்க, பெரும்பாலும் புருசன் பொஞ்சாதியா அவங்களே எடம் பாத்து, சொந்தமா வாங்கியோ லீசுக்கு எடுத்தோதான் குடி வர்றாங்க.