கிண்டுவதும் கிண்டலும்

அன்புள்ள ஐயா,

"கேலி, கிண்டல்" என்று சேர்த்தே சொல்கிறோம். இரண்டும் ஒன்றா? கிண்டல் என்ற சொல் எங்கிருந்து வந்தது? என் மகனைப் பள்ளியில் தினமும் கிண்டல் செய்கிறார்கள். திங்கட்கிழமை வந்தாலே வயிறு வலிக்கிறது என்கிறான். கேட்டால் 'விளையாட்டுக்குத்தான்' என்று பதில் வருகிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கேலி வடமொழிச் சொல், அங்கே அதற்கு விளையாட்டு என்றுதான் பொருள். கிண்டல் அப்படியில்லை. உப்புமா கிண்டுகிறோமே, அந்தக் கிண்டுதான். கோழி குப்பையைக் கிண்டுவதும், ஒருவர் வாயைக் கிண்டி விஷயத்தை வாங்குவதும் அதுவே. அடியில் கிடப்பதை மேலே கொண்டுவருவது.

எங்கள் அத்தை கோதுமை அல்வா கிண்டும்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். பால் இறுகி கரண்டி நகர மறுக்கும் நேரத்தில் நெய் விட்டு விட்டுக் கிண்டுவார், கை நின்றால் அடிப்பிடித்துவிடும், அவசரப்பட்டால் கொதிப்பது மேலே தெறிக்கும். வீட்டில் எல்லோரையும் கிண்டல் செய்ததும் அவர்தான். எனக்கு அப்போது திக்குவாய். அதைப் பற்றி மட்டும் அத்தை ஒருநாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கலித்தொகையில் கபிலர் பாட்டு ஒன்றில் ஒரு பையன் வருகிறான். பாட்டைச் சொல்லும் பெண் சிறுவயதில் தெருவில் கட்டிய மணல்வீட்டைக் காலால் சிதைத்து, தலையில் சூடிய பூவைப் பறித்து, பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடியவன். 'சிறுபட்டி', அதாவது அடங்காத பயல், என்று அவனைத் தோழியிடம் திட்டுகிறாள். வளர்ந்த பிறகு தண்ணீர் கேட்டு வந்து கையைப் பிடிக்கிறான், இவள் அலற, அம்மா ஓடிவர, 'தண்ணீர் குடிக்கும்போது விக்கினான்' என்று மறைத்துவிடுகிறாள். அது விளையாட்டுதான் என்று முடிவு செய்தது அவள், அவன் இல்லை. எனக்கு அந்தப் பாட்டில் மிகவும் பிடித்த இடம் இது.

ஈழத்தில் வேடிக்கைப் பேச்சுக்குப் பகிடி என்பார்கள். பல்கலைக்கழகங்களில் புதிய மாணவர்களைப் படுத்துவதை அவர்கள் பகிடி என்று விட்டுவிடவில்லை, பகிடிவதை என்று பெயர் வைத்தார்கள். அதைத் தடுக்க இலங்கையில் 1998-ல் சட்டமே வந்தது.

சரி, உங்கள் மகன் விஷயம். என்ன சொல்லிக் கிண்டல் செய்கிறார்கள் என்று அவனிடம் நிதானமாகக் கேளுங்கள். அப்புறம் வகுப்பாசிரியரைப் போய்ப் பாருங்கள். அங்கே கிண்டல் என்ற சொல்லையே எடுக்காதீர்கள், வதைக்கிறார்கள் என்றே சொல்லுங்கள்.