கணக்கில் லாபம், கையில் பணமில்லை
மந்தநிலையில் சிறுதொழில்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மரச்சாமான் பட்டறை நடத்துகிறேன். ஆர்டர் கொஞ்சம் குறைந்திருந்தாலும் லாப நட்டக் கணக்கில் லாபம்தான் வருகிறது. ஆனால் சம்பள நாள் வந்தால் திண்டாட்டம். பணம் எங்கே போகிறது?

பதில்: சரக்கிலும் நிலுவையிலும் முடங்கிக் கிடக்கிறது. லாப நட்டக் கணக்கு, பில் போட்ட நாளிலேயே விற்பனையை வரவாக எழுதிவிடும். பணம் எப்போது வந்தது என்று அது பார்ப்பதில்லை.

மரம் வாங்கிப் பொருளாக்கி விற்க 60 நாள், விற்ற பணம் வந்துசேர 45 நாள், மரம் தந்தவருக்கு நீங்கள் பணம் கொடுப்பது 30 நாளில் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60+45−30. ஆக 75 நாள் உங்கள் பணம் வெளியே நிற்கிறது. மந்தநிலையில் இந்த மூன்றும் சேர்ந்தே கெடும். சரக்கு 80 நாள் தங்கும், வாங்கியவர் 60 நாள் இழுப்பார், சப்ளையர் பயந்துபோய் 15 நாளிலேயே கேட்பார். 75 நாள் 125 ஆகிவிடும். விற்பனை துளியும் குறையாவிட்டாலும் சுழற்சிக்கு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கூடுதல் பணம் வேண்டும்.

இன்றே 13 வாரப் பணவரவுத் தாள் ஒன்று போடுங்கள். குறுக்கே 13 கட்டம், வாரத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் முதலில் தொடக்க இருப்பு, பிறகு வரவு, பிறகு செலவு, அடியில் மிச்சம். அந்த மிச்சமே அடுத்த வாரத்தின் தொடக்க இருப்பு. வரவை எழுதும்போது பில்லில் உள்ள தவணைத் தேதியை நம்பாதீர்கள். அந்த வாடிக்கையாளர் கடைசி ஐந்தாறு பில்லுக்கு உண்மையில் எத்தனை நாளில் கொடுத்தார் என்று பார்த்து, அந்த வாரத்தில் எழுதுங்கள்.

பலரும் இதில் சறுக்கும் இடங்கள் உண்டு. கைக்கு வராத ஆர்டரை வரவில் சேர்ப்பது ஒன்று. காப்பீடு, உரிமக் கட்டணம் போல ஆண்டுக்கு ஒருமுறை வரும் செலவுகளை மறப்பது இன்னொன்று. எல்லாவற்றிலும் ஆபத்தானது, வாடிக்கையாளரிடம் வசூலித்த விற்பனை வரியைச் சொந்தப் பணம்போலச் செலவழிப்பது. அதைத் தனிக் கணக்கில் ஒதுக்கிவிடுங்கள்.

தாள் முடிந்ததும், வரவை மட்டும் கால்பங்கு குறைத்து இன்னொரு பிரதி எடுங்கள். எந்த வாரத்தில் மிச்சம் பூஜ்யத்துக்குக் கீழே போகிறது? அது 9-ஆவது வாரம் என்றால், சரிசெய்ய 8 வாரம் கையில் இருக்கிறது. தாள் இல்லாதவருக்கு அந்தச் செய்தி சம்பளத்துக்கு முந்தின நாள்தான் தெரியவரும். வாரா வாரம் உண்மை எண்களைப் போட்டுத் திருத்துங்கள், கடைசியில் ஒரு வாரம் சேர்த்துக்கொண்டே போங்கள்.

கேள்வி: போட்டியாளர்கள் எல்லாரும் விலையைக் குறைத்துவிட்டார்கள். நானும் 10 சதவீதம் குறைக்கலாமா?

பதில்: முதலில் கணக்கைப் பாருங்கள். 100-க்கு விற்கும் பொருளின் அடக்கம் 70, கையில் நிற்பது 30. விலையை 90 ஆக்கினால் நிற்பது 20. பழைய மொத்த லாபத்தைப் பிடிக்க, எண்ணிக்கையில் ஒன்றரை மடங்கு விற்றாக வேண்டும். ஊரே செலவைச் சுருக்கும் காலத்தில் 50 சதவீதம் கூடுதலாக யார் வாங்குவார்கள்? விலையைத் தொடாமல் விட்டு, விற்பனை மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலும், விலையை 10 சதவீதம் வெட்டி அதே எண்ணிக்கை விற்றதற்குச் சமமான நிலைதான் வரும். அதுவும் குறைவான உழைப்பில், சரக்குக்குக் குறைவான முதலீட்டில்.

விலைக்குப் பதில் பொருளின் அளவையோ சேவையையோ சுருக்கி, குறைந்த விலையில் தனியாக ஒரு வகை கொண்டுவருவது நல்லது. பழைய விலை அப்படியே நிற்கும். தள்ளுபடி கொடுக்க ஏற்ற இடம் தேங்கிய சரக்கு ஒன்றுதான். ஆறு மாதமாக அசையாத பொருளை அடக்கவிலைக்குக் கீழே தள்ளிவிட்டாலும் தவறில்லை, அந்தப் பணம் ஓடுகிற சரக்குக்குப் போகும்.

கேள்வி: என் விற்பனையில் ஏறக்குறைய பாதி ஒரே நிறுவனத்துக்குப் போகிறது. 90 நாள் பாக்கி. இப்போது மேலும் சரக்கு கேட்கிறார்கள். மறுத்தால் கைவிட்டுப் போய்விடுமே?

பதில்: உங்கள் லாபம் 20 சதவீதம் என்றால், 100 மதிப்புள்ள பில் ஒன்று வராமல் போனால் அடக்கமாகிய 80 போய்விடும். அதை ஈடுகட்ட வேறிடத்தில் 400-க்கு விற்க வேண்டும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு பேசப் போங்கள்.

புதிய சரக்கு உடனடிப் பணத்துக்கு மட்டும். அதோடு ஒவ்வொரு டெலிவரியின்போதும் பழைய பாக்கியில் ஒரு பங்கு வர வேண்டும். மொத்த பாக்கியை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட கடிதம் ஒன்று கட்டாயம் வாங்குங்கள். பின்னால் வழக்கு என்று வந்தால் அதுதான் பேசும். பில் தொகையைத் தராமல் முழு எண்ணாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தருவது, தவணை தாண்டியபிறகு தரத்தில் குறை கண்டுபிடிப்பது, வழக்கத்தைவிட அதிகமாக ஆர்டர் கொடுப்பது ஆகியவை எச்சரிக்கைகள். கடைசியாகச் சொன்னதைக் கண்டு மகிழ வேண்டாம், மற்ற சப்ளையர்கள் நிறுத்திவிட்டார்கள் என்பதே பெரும்பாலும் காரணம்.

நல்ல வாடிக்கையாளர்களிடம் தவணைக்கு ஒரு வாரம் முன்பே போன் செய்து, பில் சரியாக இருக்கிறதா என்று கேளுங்கள். பல தாமதங்கள் பில் பிழையில் தொடங்குபவை. முன்கூட்டித் தந்தால் கழிவு என்று அறிவிக்குமுன் யோசியுங்கள்: 30 நாள் பணத்தை 10 நாளில் வாங்க 2 சதவீதம் விட்டுக்கொடுப்பது, ஆண்டுக்கு ஏறத்தாழ 37 சதவீத வட்டிக்குக் கடன் வாங்குவதற்குச் சமம்.

கேள்வி: மந்தநிலை எவ்வளவு காலம் நீடிக்கும்?

பதில்: ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. அமெரிக்காவில் 2007 டிசம்பரில் தொடங்கியது 2009 ஜூன் வரை 18 மாதம் நீடித்தது. 2020-இல் வந்ததோ 2 மாதத்தில் முடிந்தது. சிறுதொழில் செய்பவர் கவனிக்க வேண்டியது வேறு. 2007 டிசம்பரில் மந்தநிலை தொடங்கிவிட்டது என்று அதிகாரபூர்வமாக அறிவிப்பு வந்தது 2008 டிசம்பரில். வேலையின்மை 10 சதவீதத்தைத் தொட்டது 2009 அக்டோபரில், அதாவது மந்தநிலை முடிந்ததாகக் கணக்கிடப்பட்ட பிறகு. ஆகவே அறிவிப்புக்குக் காத்திருக்காதீர்கள். உங்கள் ஆர்டர் புத்தகம் அதற்கு முன்பே சொல்லிவிடும்.

கேள்வி: ஆறு பேர் வேலை செய்கிறார்கள். நான்கு பேருக்குத்தான் வேலை இருக்கிறது.

பதில்: முதலில் ஓவர்டைம், பிறகு வேலை நேரம், கடைசியில்தான் ஆள். நிலைமையை அவர்களிடம் எண்களோடு சொல்லுங்கள். நேரத்தைப் பங்கிட்டுக்கொள்ளலாம் என்ற யோசனை அவர்களிடமிருந்தே வருவதுண்டு. ஆளைக் குறைத்தே ஆகவேண்டும் என்றால் ஒரே தடவையில் முடியுங்கள். மாதம் ஒருவராக அனுப்பினால் திறமைசாலிகள் முதலில் கிளம்பிவிடுவார்கள். அறிவிப்புக் காலச் சம்பளம், பணிக்கொடை எல்லாம் சேர்ந்து, ஆளை அனுப்பும் மாதத்தில் செலவு கூடும். பணவரவுத் தாளில் அதையும் எழுதுங்கள்.

கேள்வி: அடுத்த மாதத் தவணை கட்ட முடியாது போலிருக்கிறது. மாதம் 5 சதவீத வட்டிக்குத் தனியாரிடம் பணம் கிடைக்கிறது. வாங்கிக் கட்டிவிடட்டுமா?

பதில்: வேண்டாம். வட்டிக்கு வட்டி சேர்ந்தால் அது ஆண்டுக்கு ஏறத்தாழ 80 சதவீதம். அந்த அளவு லாபம் தரும் சிறுதொழில் நல்ல காலத்திலேயே அரிது. தவணை தவறுவதற்கு முன்பே வங்கிக்குப் போங்கள். தவறியபின் போனால் நீங்கள் வாராக்கடன் பட்டியலை நெருங்கும் ஆள், முன்பே போனால் திட்டத்தோடு வந்த ஆள். 13 வாரத் தாள், வரவேண்டிய பாக்கிப் பட்டியல், ஏற்கெனவே குறைத்த செலவுகள் மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். கேட்க வேண்டியது இன்னொரு கடன் அல்ல. சில மாதம் வட்டி மட்டும் கட்டும் சலுகை, அல்லது கடன் காலத்தை நீட்டித்துத் தவணையைச் சிறிதாக்குவது. எந்த மாதத்திலிருந்து முழுத் தவணை கட்டுவீர்கள் என்பதைத் தாளைக் காட்டியே சொல்லுங்கள், ஒப்புக்கொண்டதை எழுத்தில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.